மகன் வாய்க்காலைக் கண்டால் ஓடுகிறான், என்ன செய்யலாம்?

கிளிநொச்சி அப்பா:
இரணைமடுக் குளத்தின் இடதுகரை வாய்க்காலுக்கும் எங்கள் வளவுக்கும் 200 மீற்றர்கூட இல்லை. மகனுக்கு 6 வயது. ஓட்டிசம் (ஆட்டிசம்) என்று மூன்றரை வயதில் சொன்னார்கள். இன்னும் கதைக்க மாட்டான். ஆனால் வாய்க்காலில் தண்ணி விட்டால் எங்களுக்கு முதல் அவனுக்குத் தெரிந்துவிடும்.

போன கிழமை மனுசி புட்டு அவித்துக்கொண்டிருந்தா, நான் லாண்ட்மாஸ்டருக்கு (இரண்டு சில்லு உழவு மெசினுக்கு) பெல்ட் மாட்டிக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிடம் இருக்காது, படலை திறந்து கிடக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிற பிள்ளை இல்லை, ஆனாலும் கத்திக்கொண்டுதான் ஓடினேன். மதகில் குந்தியிருந்தான். ஒரு செருப்பைத் தண்ணியில் விட்டுவிட்டு, அது மற்றப் பக்கத்தால் வருகிறதா என்று பார்க்கிறான். மற்றது கையில், அடுத்ததாக விட. பயத்தில் அடித்தும் போட்டேன். ஏன் அடி விழுந்தது என்றே அவனுக்கு விளங்கவில்லை.

படலைக்குப் பூட்டுப் போட்டாச்சு. பின்பக்கம் கிளுவை வேலி, புகுந்துவிடுவான். கட்டிப்போடச் சொன்னார் ஒரு பெரியவர். அது என்னால் ஏலாது. இப்படிப் பிள்ளை உள்ளவர்கள் என்ன செய்கிறீர்கள்?

மல்லாவியான்:
தம்பி, என் மகளுக்கு இப்போது 13. முதலில் கிணற்றைப் பாருங்கள். கட்டு இருந்தாலும் ஏறுவார்கள். இரும்பு ஒட்டு வேலை (வெல்டிங்) செய்பவரிடம் கம்பி வலை மூடி அடித்துப் பூட்டுங்கள். படலை, பின்கதவு இரண்டிலும் மாட்டு மணி கட்டினோம், வேறுவேறு சத்தம். மனுசி அடுப்படியில் நின்றே "பின்மணி" என்பா. அப்புறம், வாய்க்கால் பக்கத்து வீடுகளுக்கும் சங்கக்கடைக்கும் நேரே போய்ச் சொல்லுங்கள். வெட்கத்தில் நாங்கள் இரண்டு வருடம் மறைத்தோம், பிழை. காணாவிட்டால் வீட்டுக்குள் தேடி நிற்காதீர்கள், முதல் தண்ணிப் பக்கம் ஓடுங்கள்.

முள்ளியவளை அக்கா:
வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வையுங்கோ தம்பி, வைகாசிப் பொங்கலுக்குள் மாறும்.

கிளிநொச்சி அப்பா:
மூன்று வருடமாகக் காவடி எடுக்கிறேன் அக்கா. வேலியையும் அடைக்கத்தானே வேணும்.

ஸ்காபரோ தாதி:
அண்ணா, 2012இல் அமெரிக்காவில் பெற்றோரிடம் கேட்டு ஓர் ஆய்வு வந்தது. 4 வயதுக்கு மேற்பட்ட ஓட்டிசப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஒரு முறையாவது இப்படி வெளிக்கிட்டுப் போகப் பார்த்திருக்கிறார்கள். உங்கள் வளர்ப்பில் குறை இல்லை. நீச்சல் பழக்குங்கள், உடுப்போடும் பழக்குங்கள். நீந்தத் தெரியும் என்று கண்ணை எடுக்கவும் கூடாது. வாய்க்காலைப் படம் எடுத்து ஒட்டிவிடுங்கள். போக ஆசை வந்தால் அந்தப் படத்தை உங்களிடம் தரப் பழக்குங்கள். படம் தந்தவுடன் கூட்டிப்போக வேணும், முதல் நாட்களில் "பிறகு" என்று சொல்லக்கூடாது.

கிளிநொச்சி அப்பா (இரண்டு கிழமைக்குப் பிறகு):
மணி கட்டியாச்சு, கிணறும் மூடியாச்சு. வேலி பாதிதான், தகரம் விலை. போனில் வாய்க்காலைப் படம் எடுத்து, சந்திக் கடையில் பிரதி போட்டுக் குசினிக் கதவில் ஒட்டினேன். மனுசி அவன் கையைப் பிடித்துப் பிடித்துக் காட்டினா. பத்து நாள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேற்றுப் பின்னேரம் அதைக் கிழித்துக்கொண்டு வந்து என் மடியில் போட்டான். மூலை ஒன்று கதவிலேயே கிடக்கிறது. அப்படியே எழும்பிப் போனோம். இந்த முறை பழைய செருப்பாகப் பார்த்து நான் கொண்டுபோனேன்.