எட்டாம் நம்பர் மலைக்கு எந்த வழி?

குழு: மலையோட்டம், மேட்டு லயம் – பணிய லயம் (தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள்)

திங்கள்

நான்: வணக்கம். மச்சான் கொழும்பிலிருந்து லீவில் வந்துவிட்டான். அதனால் இந்த ஞாயிறு நம் டிவிஷனிலேயே மேப் ஓட்டம் (ஓரியன்டீரிங்): மேப்பையும் திசைகாட்டியையும் வைத்து வழி பிடித்து, கட்டிவைத்த கொடிகளைத் தேடி ஓடுவது. தோட்டத்து ஆபிஸில் கேட்டாயிற்று, சம்மதம். தேயிலைக்குள் இறங்காமல் ரோட்டிலும் அடிப்பாதையிலும் மட்டும் ஓடுவோம் என்று சொல்லியிருக்கிறேன். யார் யார் வருகிறீர்கள்?

மச்சான்: நான் ரெடி. ஆனால் ஹட்டன் பக்கம் வைத்தால் என்ன? சிங்கமலைப் பக்கம் ஓடி ரொம்ப நாளாயிற்று.

நான்: ஹட்டனில் இப்போது விடாத மழை, மச்சான். ஜூலையில் தென்மேற்கு மழையை அந்தப் பக்கத்து மலைகளே வாங்கிக்கொள்ளும். நம் ஹப்புத்தளைக்கு வந்து சேர்வது காய்ந்த காற்றுதான். ஊவாத் தேயிலைக்கு அந்த மணம் ஏறுவதும் இந்தக் காற்றில்தானே? தரை காய்ந்திருக்கும்போது ஓடிவிடுவோம்.

சித்தி: காய்ந்த தரை சரி. காற்று அடிக்கிற நேரம் குளவி கலையும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஆறாம் நம்பர் மலையில், அந்தத் தேயிலைத் துண்டில், பெரிய டேப்பன்டைன் மரத்தில் கூடு இருக்கிறது. போன வாரம் எங்களை அந்தப் பக்கம் கொழுந்தெடுக்க விடவில்லை.

டீச்சர் அக்கா: நல்ல வேளை சொன்னீர்கள் சித்தி. ஆறாம் நம்பரை மேப்பில் முழுவதும் ஊதாக் கோடு போட்டு அடைத்துவிடுகிறேன். ஊதாக் கோடு இருந்தால் யாரும் உள்ளே போகக்கூடாது, அதுதான் விதி.

சின்னவள்: அக்கா, நானும் ஓடலாமா? ஏ.எல்.லுக்குப் புவியியல் எடுத்திருக்கிறேன். இடவிளக்கப்படம் பார்த்தால் சமவுயரக் கோடு புரியும்.

டீச்சர் அக்கா: வா பிள்ளை, உன்னை மாதிரி ஆட்கள்தான் வேண்டும். 1919இல் ஸ்வீடனில் எர்ன்ஸ்ட் கில்லாண்டர் என்ற மேஜர் இதைப் பெரிய அளவில் தொடங்கியதே பிள்ளைகளுக்காகத்தான். மைதானத்தில் சுற்றிச் சுற்றி ஓடி அலுத்துப்போய் விளையாட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் காட்டுக்குக் கூட்டிப்போய்க் கையில் மேப்பையும் திசைகாட்டியையும் கொடுத்தார். நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது ஏன் இன்னும் வந்து சேரவில்லை என்பதுதான் என் கவலை. காடும் மலையும் வாசலிலேயே இருக்கின்றன.

செவ்வாய்

மச்சான்: இன்று காலை தம்பேதன்ன தேயிலை ஸ்டோரிலிருந்து (தொழிற்சாலை) லிப்டன் சீட் உச்சி வரை ஏறினோம். நானும் இவனும். வளைந்து வளைந்து 7 கிலோமீட்டர். மேலே போனபோது வெல்லவாய பக்கம் வரை தெளிவாகத் தெரிந்தது. ஒன்பது மணிக்கெல்லாம் மேகம் ஏறி எல்லாவற்றையும் மூடிவிட்டது.

பெரிய மாமா: அந்த ஸ்டோர் 1890இல் லிப்டன் துரை கட்டியது. ஏறுகிற வழியெல்லாம் எவ்வளவு கல் கட்டு இருக்கிறது, பார்த்தீர்களா? அதைக் கட்டியவர்களின் பேர் எங்கேயும் எழுதியில்லை.

நான்: பார்த்தோம் மாமா. இறங்கும்போது அந்தக் கட்டை ஒட்டித்தான் வந்தோம்.

சின்னவள்: அண்ணா, எனக்கு இறக்கத்தில்தான் பயம். முட்டி வலிக்கிறது, பெருவிரல் சப்பாத்தில் முட்டுகிறது.

நான்: அதற்கு இரண்டு விஷயம். முதலில் சப்பாத்துக் கயிறு. மேலே கணுக்கால் பக்கம் ஒரு ஓட்டை உபரியாக இருக்கும், யாரும் அதில் கோர்ப்பதில்லை. கயிறை அதே பக்கத்து ஓட்டைக்குள் விட்டுச் சின்ன வளையம் மாதிரி வைத்துக்கொள். அந்தப் பக்கத்துக் கயிறை இந்த வளையத்துக்குள்ளும், இந்தப் பக்கத்துக் கயிறை அந்த வளையத்துக்குள்ளும் விட்டு இழு. குதிகால் பின்னுக்கு இறுகிவிடும், பாதம் முன்னே வழுக்காது, நகம் கறுக்காது. அடுத்தது நடை. நீளமாக எட்டு வைத்தால் ஒவ்வொரு முறையும் குதிகாலால் பிரேக் போடுகிறாய், அந்த அடி முழுக்க முட்டிக்குப் போகிறது. சின்னச் சின்ன எட்டாக வேகமாக வை. கண் காலடியில் இருக்கக்கூடாது, மூன்று நான்கு எட்டு முன்னால் இருக்க வேண்டும்.

சித்தி: கூடையோடு இறங்குகிற நாங்களும் அப்படித்தான். கால் தானாகச் சின்னதாக விழும்.

நான்: உண்மைதான் சித்தி. அதை நாங்கள் காசு கொடுத்து வாங்கிய சப்பாத்தில் கற்றுக்கொள்கிறோம்.

புதன்

மச்சான்: காற்று இன்று நிற்கவிடவில்லை. ஓட்டம் இல்லை, ஓய்வு.

வியாழன்

டீச்சர் அக்கா: இன்று மைதானத்தில் சின்னவளுக்கும் பணிய லயத்துப் பையன்களுக்கும் திசைகாட்டி பழக்கினேன். மேப்பைத் தட்டையாகப் பிடித்து, மேப்பின் வடக்குக் கோடும் ஊசியும் ஒன்றாகும்வரை உடம்போடு திரும்ப வேண்டும். பிறகு நாம் இருக்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்து, நகர நகர விரலையும் நகர்த்த வேண்டும். பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டார்கள். தகரக் கூரைக்குப் பக்கத்தில் ஊசி பேயாட்டம் ஆடியதைப் பார்த்துப் பையன்களுக்கு ஒரே சந்தோஷம்.

மச்சான்: என் வாட்சில் ஜிபிஎஸ் இருக்கிறதே அக்கா, அதில் மேப்பும் வரும்.

டீச்சர் அக்கா: கட்டிக்கொண்டு ஓடு, திரையைப் பார்க்காதே. ஓடி முடிந்தபிறகு எந்த வழியில் போனாய் என்று பார்க்க அது நல்ல சாமான். ஓடும்போது பார்த்தால் மேப் ஓட்டம் என்ற பேரே இல்லை.

மச்சான்: சரி அக்கா. டேப் ஒட்டி மூடிவிடுகிறேன்.

நான்: அக்கா, இப்போது பெரிய விஷயத்துக்கு வருவோம். அடித்தளமாக நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 படத்தைத்தான் எடுத்தோம். அதில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் உயரம். லயம் இருக்கிற தட்டு, தண்ணீர்ப் பீலி, வடிகால் கான், கல் கட்டு எதுவும் அதில் அகப்படாது. நமக்கு வேண்டியது 1:10,000, கோடு 5 மீட்டருக்கு ஒன்று. அதற்கு நடந்து வரைவதைத் தவிர வேறு வழி கிடையாது.

டீச்சர் அக்கா: அதோடு படம் பழையது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்துபோன பிறகு நம் மலை அந்தப் படத்தில் இருக்கிற மலையா? எட்டாம் நம்பருக்குச் சுற்றிப்போன வண்டி ரோட்டில் ஒரு துண்டே இல்லை, சரிந்துபோய்விட்டது. படத்தில் மட்டும் முழுசாக ஓடுகிறது. அந்தச் சரிவின் விளிம்பையும் ஊதாவில் அடைத்திருக்கிறேன். விளிம்பில் இன்னும் வெடிப்பு இருக்கிறது, ஊற்றும் கசிகிறது. அங்கே யாரும் எட்டிப் பார்க்கவும் வேண்டாம்.

பெரிய மாமா: அதைக் கண்டிப்பாகப் போடு மகள்.

மச்சான்: அப்படியென்றால் நாலாம் கொன்ட்ரோல் (கொடி கட்டும் இடம்) முனியாண்டி கல்லிலிருந்து ஐந்தாம் கொன்ட்ரோல் எட்டாம் நம்பர் தண்ணீர்த் தொட்டிக்கு எப்படிப் போவது? நேரே மலை முதுகைத் தாண்டினால் 700 மீட்டர். ஆனால் 80 மீட்டர் ஏறி இறங்க வேண்டும்.

நான்: 10 மீட்டர் ஏறுவது 100 மீட்டர் சமதரைக்குச் சமம் என்று வைத்துப் பார். 80 மீட்டர் ஏற்றம் 800 மீட்டருக்குச் சமம். மொத்தம் 1,500. ரோடு நன்றாக இருந்த காலத்தில் சுற்றிப் போனால் 1,300 மீட்டர், ஏற்றம் 10தான். 1,400இல் முடிந்திருக்கும். இப்போது அது இல்லை. 1892லேயே நெயிஸ்மித் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் இப்படி ஏற்றத்துக்கும் தூரத்துக்கும் கணக்குப் போட்டு வைத்தார், மலை ஏறுகிறவர்கள் இன்றும் அதை வைத்துத்தான் நேரம் பார்க்கிறார்கள்.

சித்தி: நீங்கள் ஏன் இவ்வளவு கணக்குப் பார்க்கிறீர்கள்? முதுகுக்கும் சரிவுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறதே. ரோடு போனபிறகு நாங்கள் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு அதால்தான் வருகிறோம். கல்லுக்குப் பின்னால் இறங்கி, கானை ஒட்டி நடந்தால் படி வரும். நாங்களே வெட்டிய படி.

மச்சான்: எந்தப் படத்திலும் அது இல்லையே சித்தி!

சித்தி: படத்துக்காக வெட்டவில்லை ராசா, நிறுவைக்கு நேரத்துக்குப் போக வெட்டினோம்.

நான்: சித்தி, நாளைக்கு வேலை விட்டதும் அந்த வழியில் என்னைக் கூட்டிப்போக முடியுமா? அந்தப் பாதை இல்லாமல் நான் மேப்பை அச்சுக்குக் கொடுக்கமாட்டேன்.

சித்தி: வா. சாக்ஸை நீளமாகப் போட்டுக்கொள். கான் ஓரத்தில் ஈரம், அட்டை இருக்கும். சாக்ஸுக்கு மேல் சவுக்காரம் தேய்த்துவிட்டு வா.

வெள்ளி

நான்: சித்தியோடு நடந்து வந்தேன். 900 மீட்டர், ஏற்றம் 40. கணக்குப் போட்டால் 1,300. நாங்கள் மேசையில் உட்கார்ந்து யோசித்த இரண்டு வழியையும்விட அதுதான் நல்ல வழி. ஏறத் தொடங்குகிற இடத்தில் ஒரு தட்டைக் கல் இருக்கிறது, இடுப்புயரம், மேல்பக்கம் வழுவழுப்பு. கூடையை இறக்கி வைக்காமல் அப்படியே முதுகைச் சாய்த்து மூச்சு வாங்குகிற உயரம். எந்த நாட்டு வல்லுநர் வந்து பார்த்தாலும் இதைவிடச் சுருக்கமாக ஒரு கோடு போடமாட்டார். சும்மா மரியாதைக்குச் சொல்லவில்லை, அளந்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

டீச்சர் அக்கா: கறுப்புக் கோடாகப் பாதையைப் போட்டுவிட்டேன். கல்லுக்குக் கறுப்புப் புள்ளி.

நான்: அக்கா, பேரையும் எழுதுங்கள். மடுவத்துப் படி, சாய்மானக் கல், முனியாண்டி கல், எட்டாம் நம்பர்.

டீச்சர் அக்கா: ஓரியன்டீரிங் மேப்பில் இடத்துப் பேர் எழுதுவது வழக்கம் இல்லை தம்பி. ஓடுகிறவன் வடிவத்தைப் பார்த்துத்தான் இடத்தைப் பிடிக்க வேண்டும். எழுத்து வந்தால் கோடு மறையும்.

நான்: முன்பக்கம் வேண்டாம். பின்பக்கத்தில் போடுவோம். ஒவ்வொரு பேருக்கும் ஒரு நம்பர், அந்த நம்பருக்கு எதிரே பேர், தமிழில். மாமா செவ்வாயன்று சொன்னதைத்தான் நினைக்கிறேன். கல் கட்டியவர்கள் பேர் போய்விட்டது. பாதை வெட்டியவர்கள் வைத்த பேராவது தாளில் இருக்கட்டும்.

பெரிய மாமா: தம்பி சொல்வது சரி. பதினொன்றாம் நம்பருக்கு இன்னொரு பேரும் உண்டு. நேரில் சொல்கிறேன்.

டீச்சர் அக்கா: சரி, பின்பக்கம் உங்களுக்கு. முன்பக்கத்தில் கை வைக்கக்கூடாது.

சின்னவள்: கொடி தைத்து முடிந்தது. 30 சென்டிமீட்டர் சதுரம், மூன்று பக்கம், மூலைக்கு மூலை பிரித்து மேல் பாதி வெள்ளை, கீழ்ப் பாதி செம்மஞ்சள். அம்மாவின் பழைய படங்குத் துணியை உள்ளே வைத்துத் தைத்தேன், காற்றுக்கு மடங்காது. ஒவ்வொரு கொடிக்கும் வேறு வேறு நிறக் கிரேயோன் கட்டியிருக்கிறேன். போனவர்கள் அட்டையில் அந்த நிறத்தால் கோடு போட்டு வர வேண்டும்.

மச்சான்: அருமை. ஸ்வீடன் டோவே அலெக்சாண்டர்சன் ஓடுகிற வீடியோ பார்த்தாயா? மேப் ஓட்டத்திலும் பனிச்சறுக்கு மேப் ஓட்டத்திலும் உலகச் சாம்பியன்.

சின்னவள்: பார்த்தேன் அண்ணா. அவர் கொன்ட்ரோலுக்குக் கிட்டே வரும்போது வேகத்தைக் குறைக்கிறார். திரும்பத் திரும்ப அதையே பார்த்தேன்.

சனி

நான்: கொடி எல்லாம் கட்டியாயிற்று. நாளைக்குக் காலை ஏழு மணிக்கு மைதானம். ஆளுக்கு ஒரு விசில், தண்ணீரில் கரைத்த ஜீவனி (உப்பு-சர்க்கரைத் தூள்) ஒரு போத்தல். வாசனைப் பவுடர், சென்ட் வேண்டாம். குளவி வந்தால் கையை வீசாமல் முகத்தை மூடிக்கொண்டு வந்த வழியே விலகுங்கள். பத்து மணிக்குள் திரும்பாதவர்களைத் தேடிப் போவோம், யாரும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விடாதீர்கள்.

ஞாயிறு

மச்சான்: அக்கா முதலாவது. எதிர்பார்த்ததுதான். நான் இரண்டாவது.

சின்னவள்: நான் நாலாவது! எல்லா நிறமும் இருக்கிறது!

டீச்சர் அக்கா: நாலிலிருந்து ஐந்துக்குப் போனதை எல்லோரும் எழுதுங்கள். எனக்கு அதுதான் வேண்டும்.

மச்சான்: நான் முதுகுக்கு மேலால் போனேன். கால் பலம் இருக்கிறது, ஏறிவிடலாம் என்ற கணக்கு. ஏறியும்விட்டேன், ஆனால் உச்சியில் பனிமூட்டம் இறங்கிவிட்டது. தொட்டி எந்தப் பக்கம் என்று நின்று ஊசியைப் பார்த்துத்தான் இறங்கினேன். கீழே வந்தபோது சின்னவள் தொட்டியில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பிறகு கிளம்பியவள்.

சின்னவள்: நான் கல்லுக்குப் பின்னால் இறங்கினேன். கான் கிடைத்ததும் மேப்பைப் பார்க்கத் தேவையே இல்லை, ஒரு கையைக் கான் பக்கம் வைத்துக்கொண்டு ஓடினேன். படி வந்தது, சாய்மானக் கல் வந்தது. அங்கே நின்று ஒரு மூச்சு எடுத்து, தொட்டிக்கு எந்தத் திசை என்று ஊசி வைத்தேன். கல்லிலிருந்து மெதுவாகத்தான் போனேன். கொடி பனிக்குள் இருந்தாலும் நேரே அதில் போய் முட்டினேன்.

டீச்சர் அக்கா: அதுதான் பிள்ளை. தப்பவே முடியாத ஒரு இடம்வரை வேகம், அங்கிருந்து கவனம். இதை ஒரு வருடம் சொல்லிக்கொடுத்தாலும் சிலருக்கு வருவதில்லை.

சித்தி: ரொட்டியும் கட்டைச் சம்பலும் மிச்சம் இருக்கிறது. மடுவத்தில் பிளேன்டியும் இருக்கிறது. வெறும் வயிற்றோடு யாரும் போகவேண்டாம்.

நான்: ஆபிஸிலிருந்து ஒருவர் வந்து மேப்பைப் பார்த்தார். சரிவு விளிம்பைக் குறித்த படம் அவர்களிடம் இல்லையாம், ஒரு பிரதி கேட்டார். அக்கா, கொடுக்கலாமா?

டீச்சர் அக்கா: கட்டாயம் கொடு. தேதியை மட்டும் பெரிதாக எழுதிக் கொடு. மழை பெய்தால் அந்த விளிம்பு நகரும்.

பெரிய மாமா: கொடுப்பதற்கு முன் ஒன்று. பின்பக்கத்தில் மதகின் பேர் சரி, முன்பக்கத்தில் அதைப் பீலிக்கு மேலே போட்டிருக்கிறீர்கள். பீலிக்குக் கீழே வர வேண்டும். நாளைக்குப் பின்னேரம் வா தம்பி, காட்டுகிறேன். பென்சில் கொண்டு வா.

நான்: நாலரைக்கு வருகிறேன் மாமா.

மச்சான்: நானும் வருகிறேன். செவ்வாய்தான் கொழும்புக்கு ரயில்.