புதுப்பிப்பு: மாடிப்படிக்கு அடியில் பிறந்த குட்டிகளும் தெள்ளுப்பூச்சியும்

பெரம்பூரில் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் தெருநாய் குட்டி போட்டதையும், கண் திறக்காத குட்டிகள் மேல் தெள்ளுப்பூச்சி ஓடுவதையும் எழுதி வழி கேட்டிருந்தேன். இப்போது பரவாயில்லை, குட்டிகள் நன்றாகப் பால் குடிக்கின்றன.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூடையில் வைத்துக் கொண்டுபோனோம். டாக்டர் முதலில் பார்த்தது ஈறுகளைத்தான். இவ்வளவு சின்ன உடம்பில் பூச்சிகள் உறிஞ்சும் ரத்தமே உயிருக்கு ஆபத்தாகிவிடும். ஈறு வெளுத்திருந்தால் ரத்தசோகை, ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாதாம். எங்கள் குட்டிகளுக்கு ஈறு இளஞ்சிவப்பாகவே இருந்தது.

மருந்து எதுவும் தரவில்லை. பெரிய நாய்க்கான பவுடர், சொட்டு மருந்து எதையும் இந்த வயதில் தொடக் கூடாது. மண்ணெண்ணெய், கற்பூரம் யோசனை சொன்ன அண்ணன்களே, அதெல்லாம் விஷம், விட்டுவிடுங்கள். நெருக்கமான பல் உள்ள சீப்பால் வாரி, சிக்கும் பூச்சியைச் சோப்புத் தண்ணீரில் போடுவதுதான் வேலை. குளிப்பாட்டினால் வெதுவெதுப்பான நீரில், ஒவ்வொன்றாக, உடனே துவட்டி. சென்னை வெயில்தானே என்று ஈரத்தோடு விட முடியாது. உடல் சூட்டைத் தக்கவைக்க அவற்றுக்கு இன்னும் தெரியாது.

தாய்க்கு மட்டும், பால் கொடுப்பதைச் சொல்லி, அதற்கேற்ற மருந்து வாங்கினோம். விரிப்பை வெந்நீரில் துவைக்கிறேன். தெள்ளுப்பூச்சியாக மாறுமுன் கூட்டுக்குள் இருக்கும் கூட்டுப்புழுக்கள் தரை இடுக்கில் ஒளிந்திருக்கும் என்பதால் இன்னும் சில வாரம் தரையைப் பெருக்குவதுதான் வேலை. குட்டி வேண்டுபவர்கள், தாய்ப்பால் மறந்த பிறகு கேளுங்கள்.