சமூக முதலீட்டு நிதியத்தில் இன்டர்ன்ஷிப் போனவர்கள் உண்டா? என் கதை இது

எம்.பி.ஏ. முதல் வருஷம் முடிந்த கையோடு, சென்னையில் லாப நோக்கமில்லாத ஒரு முதலீட்டு நிதியத்தில் இரண்டு மாதம் இன்டர்னாக இருந்தேன். பெயர் வேண்டாம். வீட்டில் விளக்கிச் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "தர்மத்துக்குக் குடுப்பாங்களா, வட்டிக்குக் குடுப்பாங்களா?" என்று கேட்டார் அப்பா. இரண்டுக்கும் நடுவில் என்றேன். "அப்ப உனக்குச் சம்பளம்?" என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே.

அது செக்‌ஷன் 8 கம்பெனி. லாபம் வந்தாலும் யாரும் பங்கு பிரித்துக்கொள்ள முடியாது. அறக்கட்டளைகளும் கம்பெனிகளும் தரும் பணத்தை, வங்கிகள் வாசலிலேயே நிறுத்திவைக்கும் சின்னத் தொழில்களுக்குக் கொடுப்பார்கள். பெரும்பாலும் 'ரிட்டர்னபிள் கிராண்ட்'. தொழில் ஓடினால் வட்டியில்லாமல் தவணையில் திருப்பித் தர வேண்டும், வந்த பணம் அடுத்தவருக்குப் போகும். ஓடாவிட்டால் போனது போனதுதான்.

முதல் மூன்று வாரமும் எக்செல். பேங்க் ஸ்டேட்மென்ட்டை ஒரு பக்கம், ஜிஎஸ்டி ரிட்டர்னை மறுபக்கம் வைத்து வரி வரியாக ஒத்துப் பார்ப்பேன். ஒருவர் வருட விற்பனை 40 லட்சம் என்று எழுதியிருந்தார், ரிட்டர்னில் 26 லட்சம்தான் இருந்தது. போனில் கேட்டால், மிச்சம் "வரப்போற ஆர்டருங்க மேடம்" என்கிறார். இருபத்திரண்டு வயதில் முதன்முதலாக என்னை மேடம் என்று கூப்பிட்டவர் அவர்தான்.

நான்காவது வாரம் காங்கேயம் அனுப்பினார்கள். கொப்பரைக் களங்களுக்கு சோலார் டிரையர் போட்டுத் தரும் ஒரு கம்பெனி எங்களிடம் பணம் கேட்டிருந்தது. திறந்த களத்தில் ஆறு நாள் காய்வது பாலிகார்பனேட் கூடாரத்துக்குள் மூன்று நாளில் காயும், பூஞ்சைக்காகக் கந்தகப் புகை போட வேண்டாம் என்பது அவர்கள் வாதம். 'இம்பாக்ட்' படிவத்தை நிரப்புவது என் வேலை. எத்தனை விவசாயிகள் பயன்பெற்றார்கள், வருமானம் எவ்வளவு கூடியது, எத்தனை கிலோ கந்தகம் மிச்சம்.

களத்துக்காரர் உற்சாகமாகச் சுற்றிக் காட்டினார். "வானம் கறுத்தா தார்ப்பாயத் தூக்கிட்டு ஓடற வேல இல்லீங்க இனி." எழுதிக்கொண்டேன். ஓரமாக நாலைந்து பெண்கள் கொட்டாங்குச்சியிலிருந்து பருப்பைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் வயதான ஒருவர் என் கையில் ஒரு துண்டைக் கொடுத்து வளைக்கச் சொன்னார். படக்கென்று ஒடிந்தது. "ஒடஞ்சா காஞ்சிருச்சுன்னு அர்த்தம். வளஞ்சா இன்னும் ஈரமிருக்குது." படிவத்தில் இதற்கு 'ஈரப்பதம் 6 சதவீதத்துக்குக் கீழ்' என்று இருந்தது.

டிரையர் வந்தது உங்களுக்கு நல்லதுங்களா அம்மா என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "எனக்கென்ன கண்ணு நல்லது? முன்னெல்லாம் திருப்பிப் போட, அள்ள, மூடன்னு வாரம் பூராக் கூப்புடுவாங்க. இப்ப மூணு நாளு." கொஞ்சம் தள்ளி வந்ததும் பின்னாலிருந்து கூப்பிட்டார். "ஆனா அந்தப் பொகை இல்லாம கண்ணெரிச்சல் போச்சு. அதையும் எழுதிக்க."

எங்கே எழுதுவது? படிவத்தில் விவசாயி இருந்தார், களத்துக்காரர் இருந்தார், எண்ணெய் மில்கூட இருந்தது. கூலிக்கு வருபவருக்கு ஒரு கட்டம் இல்லை. கடைசிப் பக்கத்தில் 'பிற குறிப்புகள்' என்ற இடத்தில் எழுதிக் கொடுத்தேன். என் மேலாளர் படித்துவிட்டு, "ஒரு களத்த வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, இன்னும் நாலு பேருக்குப் போன் போடுங்க" என்றார். எரிச்சலாக இருந்தாலும் சரியான பேச்சு அது. போட்டேன். இரண்டு களங்களில் வேலைநாள் குறைந்திருந்தது. ஒன்றில் அதிகச் சரக்கு எடுத்ததால் அப்படியே இருந்தது. நாலாமவர் போனை எடுக்கவே இல்லை.

கடைசியில் கமிட்டி பணத்தை இரண்டு தவணையாகப் பிரித்தது. இரண்டாவது தவணைக்கு முன் களத்துக் கூலி நாட்களையும் எண்ணித் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தார்கள். நான் சேர்த்த வரி! கமிட்டி முன்னால் என்னைப் பேச விடவில்லை என்பது வேறு விஷயம்.

* * *

நான் பழைய ஆள். 2010-இல் ஹைதராபாத்தில் ஆறு மாத இன்டர்ன். சின்ன மைக்ரோஃபைனான்ஸ் நிறுவனங்களுக்கு, அதாவது ஏழைகளுக்குச் சிறுகடன் கொடுப்பவர்களுக்கு, கடன் தரும் லாப நோக்கமில்லாத நிதியம். காலை ஏழு மணிக்கு கிராமத்தில் சென்டர் மீட்டிங். பெண்கள் ஐந்தைந்து பேராக வரிசையில் உட்கார்ந்து உறுதிமொழி சொல்வார்கள், அப்புறம் வசூல். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது திரும்பி வருகிறது என்று ரிப்போர்ட் எழுதிவிட்டு நானே மகிழ்ந்துபோவேன்.

அந்த ஆகஸ்டில்தான் இந்தியாவில் முதன்முதலாக ஒரு மைக்ரோஃபைனான்ஸ் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தது. அடுத்த நாள் ஆபீஸில் ஸ்வீட் கொடுத்தார்கள். எங்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை.

செப்டம்பரில் ஒரு வீட்டில் நான்கு பாஸ்புக் பார்த்தேன், நான்கு கம்பெனியுடையது. ஒன்றில் வாங்கி இன்னொன்றுக்குக் கட்டிக்கொண்டிருந்தார் அந்த அம்மா. எங்கள் தொண்ணூற்றெட்டுக்குள் அவரும் இருந்தார். அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து வாராந்திர வசூலை நிறுத்தியதும் வசூல் படுத்துவிட்டது. ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகம் குழு, மறு ஜனவரியில், ஒருவருக்கு இரண்டு நிறுவனத்துக்கு மேல் கடன் தரக்கூடாது என்று பரிந்துரைத்தது. அந்த நாலு பாஸ்புக்கை அடுத்த வீட்டிலும் போய்க் கேட்டிருக்கலாம் நான். கேட்கவில்லை. உங்கள் மேலாளர் மாதிரி ஒருவர் எனக்கு வாய்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

நான் வெள்ளகோவில் பக்கம். எங்க மாமாவுக்குக் களம் இருக்கிறது. ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். கூலி நாளைக் குறைக்க யாரும் டிரையர் போடவில்லைங்க. ஆள் கிடைப்பதில்லை. எங்க களத்தில் பாதிப் பேர் வடநாட்டுப் பசங்க, தீபாவளிக்கு ஊருக்குப் போனால் எப்போது திரும்புவார்கள் என்று சொல்ல முடியாது. ஐந்து களம் கேட்டால் பத்தாது. கார்த்திகை மழையில் வந்து பாருங்கள்.

* * *

கோபமெல்லாம் இல்லைங்க. போனில் பேசியவர்களில் ஒருவர் இதே ஆள் பஞ்சத்தைத்தான் சொன்னார், ரிப்போர்ட்டில் எழுதியும் இருந்தேன். இங்கே சொல்ல விட்டுப்போச்சு. கார்த்திகையில் வர முடியாது, செமஸ்டர். தை பிறந்ததும் வந்தால் உங்க மாமா களத்தைக் காட்டுவாரா?

ஸ்டைபண்ட் எவ்வளவு என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: மாதம் 12 ஆயிரம், பஸ் டிக்கெட் தனி. அப்பாவிடம் 15 என்று சொல்லியிருக்கிறேன்.