புதுப்பிப்பு: முருங்கை மரத்தில் இருந்தது வைரி இல்லை, அக்காக்குயில்

சாம்பல் முதுகும் வரிவாலுமாக இருந்த பறவையை வைரி (வல்லூறு என்னும் வேட்டைப் பறவை) என்று முன்பு எழுதியிருந்தேன். தவறு. அது குயில் இனத்தைச் சேர்ந்த அக்காக்குயில். நிறத்திலும் பறக்கும் விதத்திலும் வைரியை அப்படியே நகல் எடுத்ததுபோல் இருப்பதால், நிறத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துதான் போவோம்.

முதலில் காலைப் பாருங்கள். வைரிக்கு நீண்ட மஞ்சள் கால், கூர்நகம், முன்னே மூன்று விரல், பின்னே ஒன்று. குயிலுக்குக் கால் குட்டை. முன்னே இரண்டு, பின்னே இரண்டு. அலகு அடுத்தது: வைரியின் அலகு குட்டையாகக் கொக்கிபோல் வளைந்திருக்கும், குயிலுடையது மெலிந்து லேசாக மட்டுமே வளையும். குயிலின் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் பளிச்சென்று தெரியும். வைரியின் வெள்ளைத் தொண்டை நடுவே கருங்கோடு ஒன்று இறங்கும்.

கண் நிறத்தை நம்ப வேண்டாம். வளர்ந்த ஆண் வைரிக்குத்தான் சிவப்பு. இளம் வைரிக்கு மஞ்சள்.

தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் கத்தி விரட்டியதை வைத்து 'வேட்டைப் பறவைதான்' என்று முடிவு கட்டியதுதான் பிழையின் வேர். அவற்றின் கூட்டில்தான் அக்காக்குயில் நீல முட்டையிடும். ஆக, அதையும் விரட்டத்தான் செய்யும். மரத்தில் கம்பளிப்பூச்சி இருந்ததையும் கவனித்திருக்க வேண்டும். அக்காக்குயிலுக்குப் பிடித்த தீனி அது.

இன்னும் சந்தேகமா? காது கொடுங்கள். மூன்றசை கூவல் படிப்படியாக உச்சத்துக்கு ஏறிச் சட்டென்று நின்றால், குயிலேதான்.