புதுப்பிப்பு: வீட்டுப் பாதுகாப்புக் கைத்துப்பாக்கிக்கு எந்த சைட், எந்த லைட்?

குறிபார்க்கும் சைட்டுக்கு ரெட் டாட்டா (கண்ணாடியில் சிவப்புப் புள்ளி தெரிவது), டிரிட்டியம் சைட்டா (இருட்டில் தானே ஒளிரும் புள்ளி கொண்டது), துப்பாக்கியில் மாட்டும் லைட் எத்தனை லூமென் (வெளிச்ச அளவு) என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

ரெட் டாட் சரிப்படவில்லை. எனக்கு அஸ்டிக்மாடிசம் என்ற பார்வைக் குறைபாடு உண்டு, புள்ளி மத்தாப்பு மாதிரி சிதறித் தெரிந்தது. முன் சைட்டில் மட்டும் டிரிட்டியம், பின் சைட் வெறும் கறுப்பு என்ற யோசனைதான் கைகொடுத்தது. இருட்டில் ஒரே புள்ளி, கண் தடுமாறவில்லை. (சுமார் 12 ஆண்டில் வெளிச்சம் பாதியாகிவிடும்.)

எதிர்பாராதது: தோட்டாக்களை நீக்கிவிட்டு ஒத்திகை பார்த்தபோது, 1000 லூமென் லைட் வெள்ளைச் சுவரில் பட்டு என் கண்ணையே கூசவைத்தது. 500-க்கு இறங்கினேன். லைட் மாட்டியதும் பழைய உறையில் துப்பாக்கி நுழையவில்லை. அதுவும் தண்டச் செலவு.

வருவது யாரென்று பார்க்கத் தனியாக ஒரு டார்ச் வைத்திருக்கிறேன். வீட்டு ஆளை நோக்கித் துப்பாக்கியை நீட்ட வேண்டியதில்லை.