புதுப்பிப்பு: வீட்டுக்கல்வியில் இலக்கணத்துக்கும் எழுத்துக்கும் எந்த நூல்?

வீட்டிலேயே படிக்கும் 11–13 வயதுப் பிள்ளைக்குத் தமிழ் இலக்கணத்துக்கும் கட்டுரைப் பயிற்சிக்கும் ஒரே நூல் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போதைய முடிவு: நூல்கள் தனித்தனி, பயிற்சி ஒன்றோடொன்று கோத்தது.

இலக்கண நூலை வாங்குமுன், சொற்கள் சேரும்போது வரும் எழுத்து மாற்றங்களைச் சொல்லும் சந்திப் பகுதியைத் திறந்து பாருங்கள். ‘வல்லினம் மிகும் இடங்கள்’ என்று நீண்ட பட்டியல் மட்டும் இருந்தால் அந்த நூலை வாங்காமல் விட்டுவிடுங்கள். பட்டியலை ஒப்பிக்கும் பிள்ளையும் சொந்த வாக்கியத்தில் ‘கதவை திறந்தான்’ என்றே எழுதும். ‘கதவை’ என்பதில் இருக்கும் ‘ஐ’ வேற்றுமை உருபு கண்ணில் படாதவரை ‘கதவைத் திறந்தான்’ என்று எழுதக் கை பழகாது. எனவே முதலில் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள், பிறகு வேற்றுமை, அதன்பின்தான் சந்தி. ஐ, கு உருபுகளும் அந்த, இந்த, எந்த ஆகியவையும் தெளிவானாலே ஒற்றுப்பிழை கணிசமாகக் குறையும். வினைத்தொகை எல்லாம் மெதுவாக வரட்டும்.

எழுத்துக்கு வாரம் ஒரு பத்தி, ஆறேழு வாக்கியம் போதும். முதல் நாள் குறிப்பு, மறுநாள் வரைவு, ஒருநாள் இடைவெளி, பிறகு உரக்க வாசித்துத் திருத்தம். அந்த வாரம் படித்த விதி தொடர்பான பிழைகளை மட்டும் திருத்துங்கள். பக்கம் முழுக்கச் சிவப்பு மை விழுந்தால், பிழை வராத சின்னச் சொற்களுக்குள்ளேயே பிள்ளை பதுங்கிவிடும். பேச்சுவழக்கு உரையாடலில் இருக்கட்டும். விவரிப்பில் மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

எந்த நிலை நூலில் தொடங்குவது என்பதை வயதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். பத்து வரி சொல்வதெழுதுதல் கொடுங்கள். ல-ள-ழ, ர-ற, ன-ண மயக்கம் நிறைய இருந்தால் ஒரு நிலை கீழே தொடங்குங்கள்.