மறு: நெருங்கிய வைரஸுக்கு "பங்காளி"ன்னே வெச்சா என்ன?

ஐயா வணக்கம், ஒரு வைரஸுக்கு ரொம்ப நெருங்கின உறவுள்ள இன்னொரு வைரஸ சொல்ல நம்ம பட்டியலுக்கு ஒரு தமிழ்ச் சொல் தேடறோமே, அதுக்கு போன மடல்ல நீங்க குடுத்த "உறவுடை நச்சுயிரி" இலக்கணப்படி சரிதான், ஆனா அத தெருவுல சொன்னா என்ன ஆகுதுன்னு போன வாரம் பாத்தேன். எதிர்வீட்டு பூனைக்குட்டிக்கு ஒரே தும்மல், பீளை கட்டி ஒரு கண்ணு தொறக்கவே இல்ல, டாக்டர் ஹெர்பிஸ்னு (அது ஒரு வைரஸ் குடும்பம்) சொல்லிட்டார். நான் சும்மா இருக்காம, நாய்க்கும் இதுக்கு உறவா ஒரு ஹெர்பிஸ் இருக்குன்னு சொல்லப்போக, அந்தம்மா உடனே அவங்க நாய இழுத்துட்டுப் போய் மொட்டமாடியில கட்டிட்டாங்க. உறவுன்னா ஒட்டிக்கும்னு ஆயிடுது. "இன", "ஒத்த" எத போட்டாலும் இதே வம்புதான்.

அதான் பங்காளிங்கறேன். ஒரே பாட்டன் சொத்து, பாகம் பிரிச்சாச்சு, தனி வீடு தனி அடுப்பு. இங்கயும் அப்படித்தானே, மரபணுங்க அடுக்கியிருக்கற வரிசை ரெண்டுலயும் பெரும்பாலும் ஒண்ணு, ஒண்ணுக்கு எதிரா உடம்புல உண்டான ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) இன்னொண்ணையும் ஓரளவு அடையாளம் கண்டுக்குது, ஆனா பூனையோடது பூனை வீட்டோட, நாயோடது நாய் வீட்டோட. பாகமும் சமமில்ல, பூனை வைரஸ் டிஎன்ஏ சுமார் 1,35,000 எழுத்து, நாயோடது 1,25,000 கிட்ட, டிஎன்ஏவோட நாலு எழுத்துல ஜி, சி ரெண்டும் சேந்து பூனையில 46 சதம் வந்தா நாயில 32 தான். குடித்தனமும் வேற. பூனைக்கு மூக்கு, கண்ணு. நாயில 3 வாரம் ஆகாத குட்டிங்கன்னா ஒரு ஈத்தையே வாரிட்டுப் போயிடும், அந்த வயசுல குட்டிக்கு உடம்புச் சூட்ட தானா காத்துக்க வராது, இந்த வைரஸுக்கோ கொஞ்சம் கொறஞ்ச சூடுதான் தோது, அதனாலதான் குட்டிங்கள கதகதப்பா வெக்கச் சொல்றாங்க.

மூணாவதா ஒரு பங்காளி கடல்நாய்கிட்ட (சீல்) இருக்கு, 1980கள்ல நெதர்லாந்துல குட்டிங்க செத்தப்ப தெரிஞ்சது. பேர்ல நாய் இருக்கேன்னு நம்ம பட்டியல்ல நாய் வைரஸுக்குக் கீழ போட்டுடாதீங்க, ஏற்கனவே ஒருத்தர் போட்டிருக்கார்.

நமக்கு சின்னம்மையும் அப்புறம் அக்கியும் குடுக்கற வைரஸும் (காவி குழைச்சு எழுதுவாங்களே, அதே அக்கி) இதே பேரினந்தான் (ஜீனஸ், உறவுள்ள இனங்கள சேத்து வெக்கற தொகுதி), ஆனா பங்காளிங்கற அளவுக்கு கிட்ட இல்ல. அதனால பேரினத்துக்கு "வகையறா", அதுக்குள்ள ரொம்ப கிட்டத்து ஆளுக்கு "பங்காளி"ன்னு ரெண்டு படியா வெச்சுக்கலாம்.

> பங்காளிக்குள்ள பொண்ணு குடுத்து எடுக்கறதில்லையே தம்பி. வைரஸ் கிட்டத்து ஆளோடதான மரபணு மாத்திக்கும்?

மாட்டிக்கிட்டேன் ஐயா. ஆஸ்திரேலியாவுல கோழி ஹெர்பிஸுக்கு போட்ட ரெண்டு வேற வேற உயிர்த் தடுப்பூசி (வீரியம் கொறச்ச உயிருள்ள வைரஸ வெச்சு செய்யறது) வைரஸ் ஒண்ணோட ஒண்ணு கலந்து, கோழிய சாகடிக்கற புது ரகமா கெளம்புனது 2012ல வெளிவந்துச்சு, அது ரெண்டும் ஒரே வீட்டு ஆளுங்க, பங்காளி கூட இல்ல. இப்படி மரபணு கலக்கற ரீகாம்பினேஷனுக்கு "சம்பந்தம்"னு எழுதி வெச்சிருந்தேன், அடிச்சுட்டேன், மறுசேர்க்கைன்னே இருக்கட்டும். பங்காளிய மட்டும் விடறதா இல்ல.